'தமிழன்' இதழின் மறுபாதி

1907 ஜூன் 19, புதன்கிழமை. சென்னை இராயப்பேட்டையிலிருந்து நாலு பக்க வார இதழ் ஒன்று காலணா விலையில் வெளிவந்தது. காலணா என்றால் ஒரு பைசா. அந்த விலையையே அயோத்திதாசப் பண்டிதர் இதழின் பெயரிலும் வைத்தார்: 'ஒரு பைசாத் தமிழன்'. வாங்குகிறவரின் மடியில் என்ன இருக்கும் என்று தெரிந்து வைத்த பெயர் அது. 1908 ஆகஸ்ட் 26 முதல் 'ஒரு பைசா' உதிர்ந்து 'தமிழன்' மட்டும் நின்றது. 1914 மே 5-இல் பண்டிதர் மறைந்தார். மகன் பட்டாபிராமன் கொஞ்ச காலம் நடத்திப் பார்த்தார். பிறகு இதழ் நின்றது. இந்த இதழைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் கதை பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடுகிறது. இது பாதிக் கதைதான் என்பது என் கட்சி. மறுபாதி வடாற்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் போகும் ரயில் பாதையில் கிடக்கிறது.

அந்தப் பாதையை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சென்னையிலிருந்து புறப்படும் வண்டி ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் ஷாப்புகளின் ஊர்களைத் தாண்டி ஜோலார்பேட்டை வழியாக மேலேறுகிறது. பங்காருப்பேட்டையில் பிரியும் கிளை மாரிக்குப்பத்தில் முடிகிறது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய தொட்டிகளில் தோல் புரட்டியவர்களும் தங்கச் சுரங்கத்தில் இறங்கியவர்களும் பெரும்பாலும் ஒரே வடாற்காட்டுச் சேரிகளிலிருந்து புறப்பட்டவர்கள். 1898-இல் பண்டிதர் தொடங்கிய பௌத்த சங்கம் இந்தத் தடத்தில்தான் வேர் பிடித்தது. தங்கவயலின் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் அதற்குக் கிளைகள் இருந்தன, திருப்பத்தூரில் ஏ.பி. பெரியசாமிப் புலவர் போன்றவர்கள் அதைத் தாங்கினார்கள். 1926-இல் 'தமிழன்' மறுபடி பிறந்தபோது அது பிறந்த இடம் இராயப்பேட்டை அல்ல, கோலார் தங்கவயல், ஆசிரியர் ஜி. அப்பாதுரையார். அங்கேயே இயங்கிய சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் எழுத்துகளை நூல்களாக அச்சிட்டு விற்றது. பழைய இதழை எடைக்குப் போட்டுவிடுகிற நாட்டில், வாரத் தாளில் வந்ததைத் தொழிலாளர்கள் தைத்த புத்தகமாக வீட்டில் வைத்துக்கொள்ள முடிந்தது இதனால்தான்.

பெயர் ஒன்றாக இருந்தால் இதழும் ஒன்றாகிவிடுமா என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் இருக்கிறது. பண்டிதரின் 'தமிழன்' ஒரே மனிதரின் படிப்பிலும் பிடிவாதத்திலும் ஓடியது. 'இந்திரர் தேச சரித்திரம்' அதில் தொடராக வந்தது; 'திரிக்குறள்' என்று தாமே பெயரிட்டு அவர் எழுதிய குறளுரை முடிவுறாமல் நின்றது. அப்பாதுரையார் சுயமரியாதை இயக்கத்தோடு நெருங்கியவர். அவர் காலத்து அரசியல் சூடு வேறு. ஆனால் ஆசிரியரின் நடையை மட்டும் வைத்து ஒரு இதழின் ஆயுளைக் கணக்கிட்டால், சந்தா கட்டியவர்களும் கிளைச் சங்கங்களில் அதைக் கையில் வைத்துப் பேசியவர்களும் கணக்கிலேயே வரமாட்டார்கள். பன்னிரண்டு ஆண்டுக்குப் பிறகு அதே பெயரை, அதே பௌத்தப் பற்றோடு, வேறு ஊரில் எடுத்தார்கள் என்றால், இடைப்பட்ட காலத்திலும் அது யாருக்கோ தேவைப்பட்டிருக்கிறது. இது இலக்கிய இதழே அல்ல, சாதி எதிர்ப்புப் பிரசாரத் தாள் என்பது இன்னொரு தடை. குறளுக்கும் ஔவையின் வாசகங்களுக்கும் வாரந்தோறும் உரை எழுதி, சொல்லைப் பிளந்து பொருள் காட்டியதை இலக்கிய வேலை இல்லை என்பவர்கள், உரை மரபையே தமிழிலக்கியத்திலிருந்து வெளியே தள்ள வேண்டியிருக்கும்.

காப்பாற்றி வைத்தல் பண்டிதரின் குடும்பத்துக்குப் பழைய வழக்கம். ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்த தம் பாட்டனார் கந்தப்பன், குறள் ஓலைச்சுவடியை ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் கைக்குப் போகச் செய்தார் என்று பண்டிதரே எழுதியிருக்கிறார். இதழுக்கும் அப்படியொரு கை வாய்த்தது. அன்பு பொன்னோவியம் பழைய 'தமிழன்' இதழ்களைக் கட்டிக் காத்தார். ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' முதல் இரண்டு தொகுதிகளும் 1999-இல் பாளையங்கோட்டையில் அச்சேறின, மூன்றாவது 2003-இல். பல்கலைக்கழகங்கள் விழித்தது அதன் பிறகுதான். ஆனால் அதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்பே, 1985-இல், தென்னிந்தியத் தாழ்த்தப்பட்டோரின் விடுதலைப் போராட்டத்துக்குத் தனி வரலாறு உண்டு என்று டி.பி. கமலநாதன் ஆங்கிலத்தில் ஒரு மறுப்பு நூலை வெளியிட்டுவிட்டார். அதன் வெளியீட்டு ஊர் திருப்பத்தூர், வடாற்காடு மாவட்டம்.