உக்கிராணக்காரனும் நம் பிரசங்கங்களும்

லூக்கா 16-இல் வரும் அநீதியுள்ள உக்கிராணக்காரனைச் சமயோசித புத்திக்கு மாதிரியாக மட்டும் காட்டும் பிரசங்கங்களை நாம் ஏற்பதற்கில்லை. 100 குடம் எண்ணெயை 50 என்று எழுதச் சொன்னபோது அவன் விட்டுக்கொடுத்தது பிறர் உடைமை. (தன் தரகையே தள்ளினான் என்பாருமுண்டு, வசனம் அவ்வாறு கூறவில்லை.)

வாக்கும் பிறர் உடைமையே. அன்று தென்னார்க்காட்டிலிருந்த விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளின் சபையார் இதனை எளிதில் உணர்வர். அம்மாவட்டத்தில் வேரூன்றிய தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி, 1952-இல் காங்கிரசை எதிர்த்து 19 சட்டமன்ற இடங்களை வென்றது. அதன் தலைவர் ராமசாமி படையாட்சியார் 1954-இல் காமராசர் அமைச்சரவையில் சேர்ந்தார், கட்சியும் கலைக்கப்பட்டது. பின்தங்கிய சமூகத்திற்கு ஆட்சியில் பங்கு கிடைத்ததே என்பர், அவ்வாதம் தள்ளத்தக்கதன்று. ஆயினும், அடுத்த பொதுத்தேர்தல் 1957-இலேதான் வந்தது.

எஜமான் மெச்சியது அவன் புத்தியை. உத்தியோகத்தைத் திரும்பக் கொடுத்ததாக லூக்கா எழுதவில்லை.