தாயின் பழியும் பிள்ளையின் சாவும்

உடற்குறையோ அறிவு வளர்ச்சிக் குறையோ உடைய குழந்தையைப் பெற்ற தாயைக் குறித்து நம்மவர் இயற்றியுள்ள கதைகளை ஒருங்கே வைத்து நோக்கின், இரண்டு செய்திகள் திரும்பத் திரும்ப வருவது புலனாகும். குறைக்குரிய பழி தாயின் தலையில் ஏற்றப்படும். கதை முடியுமுன் பிள்ளை மாளும், அன்றித் தாய் மறைவாள். இருவரும் ஒரே கூரையின்கீழ் உயிரோடிருந்து, சினந்தும் சிரித்தும் நாள்தோறும் பழகும் கதை அரிதினும் அரிது. அது ஏன் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழி சுமத்தும் வழக்கம் பழையது. பாரதக் கதையைக் கேளாத தமிழர் இலர். வியாசரைக் கண்டு அஞ்சி அம்பிகை கண்களை மூடிக்கொண்டாளாம். ஆதலால் அவள் மகன் திருதராட்டிரன் குருடனாய்ப் பிறந்தானாம். அம்பாலிகை முகம் வெளுத்தாளாம். ஆதலால் பாண்டு வெளுத்த மேனியனாய்ப் பிறந்தானாம். அப்பெண்கள் தாமே விரும்பியா அம்முனிவரை அடைந்தனர்? மாமியாரின் கட்டளைக்குப் பணிந்தவரல்லரோ! கட்டளையிட்டவருக்குப் பழியில்லை, அஞ்சிய பேதைகளுக்கே பழி.

புராணத்தை விடுத்து விஞ்ஞானத்தினிடம் சென்றாலாவது நியாயம் கிட்டுமென ஆங்கிலம் கற்ற எம்போன்றோர் எண்ணுவோம். அங்கும் ஒரு காலத்தில் ஏமாற்றமே கிடைத்தது. 1943-இல் ஆட்டிசம் என்னும் நிலையை விவரித்த லியோ கானர் என்னும் மருத்துவர், அத்தகைய குழந்தைகளின் பெற்றோர் அன்பில் குளிர்ந்தவர் என 1949-இல் எழுதினார். புரூனோ பெட்டல்ஹைம் 1967-இல் அக்கருத்தையே ஒரு பெருநூலாக்கினார். இத்தாய்மாருக்குக் குளிர்சாதனப் பெட்டிகள் என்ற ஏச்சுப் பெயரும் வழங்கலாயிற்று. ஆட்டிசமுடைய மகனைப் பெற்ற பெர்னார்ட் ரிம்லாண்ட் என்பவர் 1964-லேயே இதனை மறுத்து, காரணம் உடலின் அமைப்பில் உள்ளதென்று காட்டியிருந்தார். இன்று அக்கொள்கை கைவிடப்பட்டுவிட்டது. ஆயினும் அது எத்தனை தாய்மாரின் உறக்கத்தைக் கெடுத்ததோ, யாரே கணக்கிட வல்லார்?

தாய் ஒருத்தியின் பிடிவாதத்தால் அறிவு வளர்ந்ததும் உண்டு. நார்வே நாட்டில் போர்க்னி எகலாண்ட் என்னும் மாது, வளர்ச்சி குன்றிய தன் மக்கள் இருவரிடத்தும் வீசிய ஒருவகை நாற்றத்துக்குக் காரணம் கேட்டு, மருத்துவர் பலரிடம் அலைந்தாள். 1934-இல் ஆஸ்பியோர்ன் ஃபோலிங் என்பவர் அவள் சொல்லுக்குச் செவி சாய்த்து ஆராய்ந்தார். பீனைல்கீட்டோனூரியா என்னும் பிறவி நோய் அவ்வாறே கண்டறியப்பட்டது. இன்று சிசுவின் குதிகாலில் எடுக்கும் சிறிது இரத்தத்தால் அதனை அறியலாம். தக்க உணவு முறையால் மூளையையும் காக்கலாம்.

நிற்க. தமிழில் இப்பொருளை எடுத்தாண்ட படங்களுள் பலரும் அறிந்தது, மணிரத்னம் இயக்கி 1990-இல் வெளிவந்த ‘அஞ்சலி’. பிள்ளை இறந்தே பிறந்ததெனக் கணவன் (ரகுவரன்) மனைவியிடம் (ரேவதி) பொய் கூறுகிறான். அறிவு வளர்ச்சி குன்றி, நெடுநாள் வாழாதெனக் கருதப்பட்ட அக்குழந்தை வேறிடத்தில் வளர்கிறது. உண்மை வெளிப்பட்டபின் அதனை வீட்டுக்குக் கொணர்கின்றனர். தாய் கை நீட்டுகிறாள். பிள்ளையோ அவளைக் கண்டு அஞ்சி ஒதுங்குகிறது. இவ்வொரு காட்சிக்காகவே அப்படத்தைப் போற்றலாம். பெற்றவுடன் பாசம் தானே பொங்கும் என்று பாடிப் பழகிய நமக்கு, பாசமும் பொறுமையாய் ஈட்டவேண்டிய பொருளே என்பதை அது உணர்த்துகிறது. பேபி ஷாமிலியின் நடிப்பைப் புகழாதார் இல்லை. சிறுவர் நடிப்புக்கு இந்திய தேசிய விருதும் கிடைத்தது.

ஆயினும் முடிவு யாது? பிள்ளை ‘அம்மா’ என்றழைத்துச் சின்னாளில் மாள்கிறது.

இப்படத்தை யான் தனியே பார்க்கவில்லை. ஜொகூரில் ஒரு தோட்டத்தில் கிராணி வேலை பார்க்கும் யான், விடுமுறைதோறும் தேக்காவில் குடியிருக்கும் என் தமக்கையார் வீட்டுக்கு வருவதுண்டு. அவருக்கு மகன் பிறந்தபோது டவுன் சிண்ட்ரோம் என்றனர். பேற்றுக்குப்பின் அவர் மனம் கலங்கி, ஓராண்டுக்கு மேலாகச் சிகிச்சையில் இருந்தார். பிள்ளையைத் தோட்டத்தில் எங்கள் தாயாரே வளர்த்தார். முன்வினை என்றனர் உறவினர் சிலர். தாயின் மனக்கோளாறே பிள்ளையில் இறங்கிற்று என்றனர் வேறு சிலர். 21-ஆம் குரோமோசோம் ஒன்று மிகுதலே அந்நிலைக்குக் காரணமென 1959-லேயே பாரிஸ் நகரில் வெளியிடப்பட்டதை அவர்களுக்கு எடுத்துக் கூறினேன். கேட்டவர் ஒருவர், கேளாதவர் பலர்.

தமக்கையார் தேறி வந்தபோது பையனுக்கு வயது மூன்று. அவன் பாட்டியையே ‘அம்மா’ என்பான். இவரைக் கண்டால் மேசைக்கடியில் ஒளிவான். இவர் அவனை இழுத்து அணைக்கவில்லை. நாள்தோறும் தேக்காச் சந்தைக்கு உடனழைத்துச் சென்று, வெண்டைக்காயைத் தட்டில் எடுத்துப் போடும் வேலையை அவனுக்குக் கொடுத்தார். முற்றலும் பிஞ்சும் கலந்தே விழும். கடைக்காரர் ஒன்றும் சொல்வதில்லை. ஏழு மாதங்கள் சென்றபின் ஒருநாள், அவன் தானே வந்து இவர் விரலைப் பற்றிக்கொண்டான்.

‘அஞ்சலி’ முடிந்ததும் அவர் கேட்டது இது: “ஏன் தம்பி, அந்தப் பிள்ளை சாகணுமா? செத்துட்டா எல்லாரும் அழுதுட்டு எழுந்து போயிடலாம். உயிரோட இருந்தா, நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு யார் கூட்டிப் போறது?”

இதனினும் கூரிய விமர்சனத்தை யான் படித்ததில்லை. சாவு என்பது கதாசிரியருக்கு எளிய வழி. பள்ளிக்கட்டணம், பேருந்தில் அயலார் பார்வை, தமக்குப்பின் பிள்ளையின் கதி ஆகிய கேள்வி அனைத்தையும் அது ஒரே மூச்சில் அடக்கிவிடுகிறது.

2019-இல் திரையரங்குகளில் வெளியான ராமின் ‘பேரன்பு’ பிள்ளையைச் சாகவிடவில்லை. அதற்கு நம் நன்றி உரியது. மம்முட்டி நடித்த தந்தை, மூளை முடக்குவாதமுடைய மகளின் நம்பிக்கையைச் சிறிது சிறிதாகப் பெறுகிறான். ஆனால் அங்கே தாய் முன்னமே வீட்டைவிட்டுப் போய்விட்டாள். அவள் தனியே பிள்ளையைப் பேணிய ஆண்டுகளுக்குத் திரையில் இடமில்லை. தந்தை செய்தால் தியாகம்; தாய் செய்தால் கடமை; தவறினால் துரோகம். இந்த அளவுகோலை நாம் எப்போது முறிப்போம்?

நோபல் பரிசு பெற்ற பேர்ல் பக் அம்மையார், அறிவு வளராத தம் மகளைப் பற்றி நெடுநாள் வாய் திறவாதிருந்தார். பின்னர் 1950-இல் ‘வளராத குழந்தை’ என்னும் பொருளுடைய சிறுநூலை வெளியிட்டார். அதில் யாரும் சாகவில்லை. தம் துயரத்தையும், மகளை விடுதியில் விட்ட வேதனையையும் மறைக்காது உரைத்தார். அத்தகைய நூல் தமிழில் வேண்டும்.

அதற்கான களம் நம் கண்முன்னே உள்ளது. தேக்காவை அடுத்த கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் 1966-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 40,000 குழந்தைகள் பிறந்தன. அறிவு வளர்ச்சிக் குறையுடையோர்க்கான மைண்ட்ஸ் இயக்கம் இந்நகரில் 1962-இல் தோன்றிற்று. 2019 முதல் கட்டாயக் கல்விச் சட்டம் இப்பிள்ளைகளையும் தழுவிற்று. சட்டம் அவர்களைப் பள்ளிக்கு அழைத்துவிட்டது; நம் கதைகளோ இன்னும் அவர்களைச் சுடுகாட்டுக்கே அழைக்கின்றன.

எழுத்தாளர்களே, அடுத்த கதையில் அப்பிள்ளையை வாழவிடுங்கள். தாயும் இருக்கட்டும். வெண்டைக்காய் முற்றலாயினும் குற்றமில்லை.