முழங்கால் எங்கே?

27 வயதில், 1880-இல், மனித உருவம் வரையப் பழகத் தொடங்கிய வான்கோ, சார்ல் பார்கின் மாதிரித் தாள்களைத் திரும்பத் திரும்பப் பிரதியெடுத்தார். 1885-இல் 'உருளைக்கிழங்கு உண்பவர்கள்' கல்லச்சைக் கண்ட நண்பர் வான் ராப்பார்ட், வலப்பக்க ஆளுக்கு முழங்கால், வயிறு, நுரையீரல் எங்கே என்று கேட்டார். கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார் வான்கோ.

அகாதெமியில் படித்தவரின் மேட்டிமை என்று நம்மாட்கள் சுலபமாச் சொல்லிடுவாங்க. அப்படித் தள்ளிவிட முடியாது. கல்லில் ஒரே நாளில், நினைவிலிருந்து வரைந்தது என்று வான்கோவே ஒத்துக்கொண்டார். ஆனால் பிளாஸ்டர் சிலையிலிருந்து வகுத்த உடலளவு, குனிந்து கிழங்கு தோண்டும் முதுகுக்கு எப்படிப் பொருந்தும்? ராப்பார்டின் விமர்சனம் இதைத் தொடவேயில்லை.

அந்தக் கோடையில் தோண்டுபவர்களையும் அறுப்பவர்களையும் வான்கோ ஏராளமாக வரைந்தார். அவ்வுருவங்களில் உடம்பு கனக்கிறது, முழங்கால் மடிகிறது. நட்புதான் அந்த வருஷத்தோடு போச்சு.