உளப்பாட்டுப் பன்மையும் உறுதியற்ற வினையும்: டிராகோ மால்ஃபாயின் மொழி

1. முன்னுரை

ஜே. கே. ரௌலிங் எழுதிய ஹாரி பாட்டர் புதினத்தொடர் 1997 முதல் 2007 வரை ஏழு தொகுதிகளாக வெளிவந்தது. மந்திரவியல் பயிற்றும் ஹாக்வார்ட்ஸ் என்னும் உறைவிடப் பள்ளியைக் களமாகக் கொண்ட இத்தொடரில், கதைத்தலைவனாகிய ஹாரியுடன் பயிலும் பகைவனாக அமைபவன் டிராகோ மால்ஃபாய். செல்வமும் குலச்செருக்கும் உடையவன். தந்தையின் செல்வாக்கை நிழலாகக் கொண்டு எளியோரை எள்ளி நலிப்பவன். ஆறாம் தொகுதியில் (2005) பள்ளித் தலைவரைக் கொல்லும் பணி இவன்மேல் சுமத்தப்படுகிறது. அதனைச் செய்யவும் இயலாமல், விடவும் இயலாமல் இவன் தடுமாறுகிறான்.

இத்தடுமாற்றத்தை மனமாற்றமாகக் கொண்டு, இவனைத் திருந்தியவனாகக் கருதும் வாசகர் பலர். மொழி நிலையில் நோக்கின் இக்கருத்து பொருந்துவதாக இல்லை. அவனுடைய சொற்கள் மாறவில்லை. மூவிடப்பெயர்களைக் கையாளும் முறையும் வினைமுற்றின் உறுதியுமே மாறுகின்றன. இவ்விரண்டையும் விளக்கி, இவை தமிழாக்கத்தில் எழுப்பும் சிக்கல்களை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. பள்ளிக்கதை மரபு

ஆங்கிலப் பள்ளிக்கதை மரபில் பிறரை நலிக்கும் மாணவன் பழகிப்போன பாத்திரமாவான். தாமஸ் ஹியூஸ் 1857இல் வெளியிட்ட புதினத்தில் ரக்பி பள்ளி மாணவனாக வரும் ஃபிளாஷ்மேன் இவ்வகைக்கு முன்மாதிரி. அவன் இளையோரைத் துன்புறுத்துகிறான். குடிபோதையில் பிடிபட்டுப் பள்ளியினின்று நீக்கப்படுகிறான். கதையும் அவனை மறந்துவிடுகிறது. அவன் உள்ளத்தில் நிகழ்வது யாது என்பது அக்கதைக்குத் தேவைப்படவில்லை. மால்ஃபாயும் முதல் ஐந்து தொகுதிகளில் பெரிதும் இவ்வகைப் பாத்திரமாகவே இயங்குகிறான். இரண்டாம் தொகுதியில் (1998) அவன் தந்தை லூசியஸ், ஸ்லிதரின் இல்ல விளையாட்டு அணியினர் எழுவருக்கும் புதிய பறக்கும் துடைப்பங்களை வாங்கித் தர, மகன் அவ்வணியில் இடம் பெறுகிறான். எனினும் மரபுப் பாத்திரத்திற்குள் பிளவு தோன்றுதற்குரிய விதையை ஆசிரியர் அவனது முதல் உரையாடலிலேயே ஊன்றிவிட்டார் எனலாம்.

3. நாமும் நாங்களும்

மால்ஃபாய் ஹாரியை முதன்முதலாகக் காண்பது அங்கி தைக்கும் கடையில். ஒருவர் பெயரை மற்றவர் அறியார். ஹாரியின் பெற்றோர் இறந்துவிட்டனர் என்று கேட்டதும், அவர்கள் தன் இனத்தவர்தாமா என்று அவன் உறுதிப்படுத்திக்கொள்ள விழைகிறான். மற்ற வகையினரைப் பள்ளியில் சேர்க்கலாகாது என்றும், அவர்கள் தம் வழிமுறைகளை அறிந்து வளர்ந்தவர் அல்லர் என்றும் கூறுகிறான். பின்னரே குடும்பப்பெயரை வினவுகிறான்.

ஆங்கிலத்தில் தன்மைப் பன்மை ஒன்றே. தமிழிலோ கேட்போனை உளப்படுத்தும் 'நாம்', உளப்படுத்தாத 'நாங்கள்' என இரண்டு உள. ஆகவே மொழிபெயர்ப்பாளர் முதல் வாக்கியத்திலேயே ஒரு முடிவை எடுத்தாக வேண்டும். 'எங்கள் இனத்தவரா' என்றால் கேள்வி வெறும் செருக்காகிவிடும்; அவன் வாயிலில் நிற்கும் காவலன் போலத் தோன்றுவான். 'நம்மவர்தாமே' என்றால் அது அழைப்பாகவும் சோதனையாகவும் ஒருங்கே அமையும். மூலத்தின் தொனிக்கு ஏற்றது பின்னையதே. ஹாரி பிறப்பால் அந்த 'நாம்' என்பதற்குள் அடங்குகிறான். மந்திரம் அறியாதவரிடம் வளர்ந்தமையால் வளர்ப்பால் அடங்கவில்லை. வழிமுறை அறியாதவர் என்று மால்ஃபாய் யாரை இகழ்கிறானோ, அவருள் ஒருவனையே தன்னவன் எனக் கருதி அவனிடமே அவ்விகழ்ச்சியைப் பகர்ந்துகொள்கிறான். இந்த முரண், தமிழின் உளப்பாட்டுப் பன்மையில் மூலத்தினும் கூர்மையாகப் புலப்படும்.

பின்னர்த் தொடர்வண்டியில் அவன் நீட்டும் கையை ஹாரி ஏற்க மறுக்கிறான். அக்கணமே 'நாம்' என்பது 'நாங்கள்' ஆகிறது. ஐந்தாம் தொகுதியின் (2003) இறுதியில் தந்தை சிறைப்பட்டபின், அது 'நான்' எனச் சுருங்குகிறது. ஆறாம் தொகுதியில் ஆசிரியர் ஸ்நேப் உதவ முன்வருகையில், தன் புகழைக் கவர வந்தவர் என அவரை ஐயுற்று அவன் விலக்குவது இத்தனிமையின் விளைவேயாகும்.

4. குரலும் பெயரும்

மால்ஃபாயின் பேச்சைச் சுட்ட மூலநூல் மீண்டும் மீண்டும் ஒரு வினையை ஆள்கிறது. உயிரொலிகளைச் சோம்பலாக நீட்டிப் பேசும் மேட்டுக்குடித் தோரணையை அது குறிக்கும். இதற்கு 'இழுத்துப் பேசினான்' என்பது அகராதிவழி நேர்பொருள். ஆயின் தமிழ் வழக்கில் ஒருவன் 'இழுக்கிறான்' என்றால் அவன் தயங்குகிறான், முடிவு சொல்லக் கூசுகிறான் என்றே பொருள்படும். முதல் தொகுதியில் இச்சொல்லை ஆண்டால், ஆறாம் தொகுதியில் வரவேண்டிய தயக்கம் முன்கூட்டியே வந்துவிடும். தொடக்கத்தில் 'அசட்டையாகக் குரலை நீட்டினான்' என்பது போன்ற தொடரே தகும். 'இழுத்தான்' என்னும் சொல்லை அவன் மெய்யாகவே தயங்கும் இடத்திற்கெனச் சேமித்து வைத்தல் வேண்டும்.

பெயர்ச் சிக்கல் இன்னும் நுட்பமானது. ஆங்கிலேயப் பள்ளி வழக்கப்படி மாணவர் ஒருவரையொருவர் குடும்பப்பெயரால் விளிக்கின்றனர். கதைசொல்லியும் ஹாரியின் பார்வையில் நின்று, பெரும்பாலும் இவனை 'மால்ஃபாய்' என்றே குறிப்பிடுகிறார். பெற்றோரும் ஸ்நேப்பும் டம்பிள்டோரும் 'டிராகோ' என்கின்றனர். ஆகவே மூலத்தில் பெயரே தொலைவையும் அணுக்கத்தையும் அளக்கும் கோலாகிறது. குடும்பப்பெயர் வழக்கு வேரூன்றாத தமிழில் இரண்டும் அயற்பெயர்களாகவே ஒலிக்கும்.

ஐரோப்பிய மொழிபெயர்ப்பாளர் சிலர் பெயரின் பொருளைக் காக்க முயன்றுள்ளனர். பிரெஞ்சில் இவன் 'மாலஃபுவா' எனப்படுகிறான். டச்சில் 'மால்ஃபிடஸ்' என்றும் நார்வே மொழியில் 'மால்ஃபாங்' என்றும் குடும்பப்பெயர் மாற்றப்பட்டுள்ளது. தமிழில் இவ்வாறு பெயரை மாற்றுவதால் பயனில்லை. பெயரால் இயலாததை முன்னிலைப் பெயரால் ஈடுசெய்தலே வழி. இது ஆறாம் பகுதியில் விளக்கப்படும்.

5. இழிசொல்லும் அதன் பொருளும்

மந்திரம் அறியாத பெற்றோர்க்குப் பிறந்த ஹெர்மியோனியை இரண்டாம் தொகுதியில் மால்ஃபாய் ஓர் இழிசொல்லால் ஏசுகிறான். சேறு, இரத்தம் என்னும் இரு சொற்களின் தொகை அது. ஜெர்மானிய மொழியாக்கமும் பிரெஞ்சு மொழியாக்கமும் இத்தொகையைத் தத்தம் சொற்களால் அவ்வாறே ஆக்கிக்கொண்டன. தமிழில் இரு வழிகள் தோன்றும். 'சேற்று இரத்தம்' எனப் புதிதாக ஆக்குதல் ஒன்று. பிறப்பை இழித்துரைக்கும் சாதி வசவு ஒன்றைப் பெய்தல் மற்றொன்று. பின்னையது உடனடியாகச் சுடும் என்பது உண்மை. ஆயினும் அது கற்பனை உலகின் இழிவை நடைமுறை உலகில் வாழும் ஒரு மக்கட்பிரிவின்மேல் ஏற்றிவிடும். மேலும், மூலத்தில் இச்சொல்லின் பொருளை ஹாரி அறியான். பிறர் கொதித்தெழுவதைக் கண்ட பின்னரே விளக்கம் பெறுகிறான். புதிய ஆக்கமே தமிழ் வாசகரையும் அதே அறியாமையில் நிறுத்தி, அதே வழியில் பொருளை உணர்த்தும்.

இச்சொல் தொடரின் ஊடே செல்லும் பாதை கருதத்தக்கது. இரண்டாம் தொகுதியில் மால்ஃபாய், முன்னொரு காலத்தில் அத்தகையவள் ஒருத்தி பள்ளியில் மாண்டதைக் குறிப்பிட்டு, இம்முறை ஹெர்மியோனி மாண்டால் நன்று என்கிறான். அவ்வாறு மாண்டவள் கழிவறையில் ஆவியாக உலவும் மிர்ட்டில் என்பது பின்னர்த் தெரியவருகிறது. நான்கு தொகுதிகள் கடந்து, கொலைப்பணி கைகூடாமல் மால்ஃபாய் அழுவது அதே மிர்ட்டிலின் முன்னிலையில்தான். உயிருடன் இருப்போர் எவரிடமும் கூறாததை, தான் இழிசொல்லால் சுட்டிய பெண்ணின் ஆவியிடம் கூறுகிறான். அவள் யாரென அவன் உணர்ந்தானா என்பதைப் பனுவல் கூறவில்லை. இதனை அடிக்குறிப்பிட்டு விளக்க மொழிபெயர்ப்பாளர் முற்படலாகாது. இழிசொல்லுக்குத் தொடர் முழுவதும் ஒரே தமிழாக்கத்தை ஆண்டால் போதும். இணைப்பை வாசகரே காண்பர்.

6. கோபுரத்து முன்னிலை

ஆறாம் தொகுதியில் வானியல் கோபுரத்தின்மேல் நிகழும் உரையாடலே இப்பாத்திரத்தின் உச்சம். டம்பிள்டோரின் மந்திரக்கோலைப் பறித்தபின்னும் மால்ஃபாய் கொல்லவில்லை, பேசிக்கொண்டே நிற்கிறான். தன் சூழ்ச்சிகளை எண்ணிக் கூறுகிறான். செய்தி அனுப்பும் நாணயங்களும் மதுவில் நஞ்சிடும் எண்ணமும் ஹெர்மியோனியிடமிருந்து கிடைத்தவை என ஒப்புக்கொள்ளும்போதும், அவளை அவ்விழிசொல்லாலேயே சுட்டுகிறான். அச்சொல்லைத் தம்முன் கூற வேண்டாம் என்கிறார் டம்பிள்டோர். சாகும் தறுவாயிலும் ஒரு சொல்லைப் பொருட்படுத்துகிறாரே என அவன் வியக்கிறான்.

அவன் திருந்தினான் என்னும் கூற்றை மறுப்பதற்கு இவ்விடம் ஒன்றே அமையும். நா பழைய சொல்லையே கூறுகிறது. கை புதிய செயலைச் செய்ய மறுக்கிறது. யாரை இழிபிறப்பாகக் கருதுகிறானோ அவளிடமே கற்றதாகவும் அவனே சான்று பகர்கிறான். இறுதியில் தன் குடும்பத்தின் உயிர் குறித்து அஞ்சி, மந்திரக்கோலைச் சற்றே தாழ்த்துகிறான். அதற்குள் பிறர் வந்துவிடுகின்றனர். கொலையை ஸ்நேப் முடிக்கிறார். அவன் தாழ்த்திய கை எங்குச் சென்று நின்றிருக்கும் என்பது அறியப்படாமலே போகிறது.

தமிழில் இக்காட்சியின் முதன்மைச் சிக்கல் 'நீ', 'நீங்கள்' என்பனவற்றின் தேர்வு ஆகும். கொல்ல வந்தவன் மரியாதைப் பன்மையில் பேசுவானா எனும் ஐயம் எழும். 'நீ' என்று மாற்றினால் காட்சி விறுவிறுப்புப் பெறும், ஆனால் பிழைபடும். ஆசிரியரை மாணவன் 'நீ' எனல் தமிழில் வெறும் தொனி மாற்றம் அன்று. அது எல்லை கடந்த செயல். அவ்வெல்லையைக் கடக்க இயலாதவனே இம்மாணவன். அவன் முதியவரை அறிவிலி என ஏசும் இடத்திலும் வினைமுற்று பன்மையிலேயே நிற்பின், வசவும் வணக்கமும் ஒரே வாக்கியத்தில் மோதும். அம்மோதலே அவனது உள்ளநிலை. மறுபுறம் டம்பிள்டோரின் 'நீ', பெயருடன் சேர்ந்து பரிவாக ஒலிக்கும். மூலத்தில் 'டிராகோ' என்னும் பெயர் ஆற்றும் பணியைத் தமிழில் இம்முன்னிலை வேறுபாடு ஏற்றுக்கொள்கிறது.

7. 'தெரியவில்லை'

ஏழாம் தொகுதியில் (2007) சிறைப்பிடிக்கப்பட்ட ஹாரி, மால்ஃபாயின் மாளிகைக்குக் கொண்டுவரப்படுகிறான். மந்திரத்தால் முகம் வீங்கியிருக்கிறது. அடையாளம் காட்டுமாறு மகனைத் தந்தை தூண்டுகிறார்; தாமே ஹாரியை ஒப்படைத்தால் அனைத்தும் மன்னிக்கப்படும் என்கிறார். அங்கி தைக்கும் கடையில் மகன் பிறனொருவனுக்கு நீட்டிய 'நாம்' இங்குத் தந்தையால் மகனுக்கே நீட்டப்படுகிறது. மகன் அதனுள் நுழையத் தயங்குகிறான். ஹாரியை அணுகி நோக்கவும் அஞ்சி, உறுதியாகக் கூற இயலாது என்னும் பொருளிலேயே விடையளிக்கிறான். முகம் மாறாத ஹெர்மியோனியையும் ரானையும் காட்டி வினவும்போதும் அவன் தருவது அரைகுறை இசைவே.

ஐயப்பொருளுக்குத் தமிழில் 'கொல்' என்னும் இடைச்சொல்லைத் தொல்காப்பியம் கூறும். இக்கால வழக்கில் '-ஓ' என்னும் இடைச்சொல்லும் '-லாம்' ஈற்று வினையும் 'போல' என்பதும் அப்பணியை ஆற்றுகின்றன. இவற்றினும் இவ்விடத்திற்குப் பொருந்துவது 'தெரியவில்லை' என்னும் வினை. கண்ணுக்குப் புலப்படவில்லை என்பதும் அறிவுக்கு எட்டவில்லை என்பதும் அதன் இரு பொருள்கள். வீங்கிய முகம் முதற்பொருளுக்கு இடந்தருகிறது; அவன் மறைப்பது இரண்டாம் பொருளில் ஒளிகிறது. அவன் பொய் கூறினான் என எவரும் குற்றஞ்சாட்ட இயலாது. மெய் கூறினான் என உறுதிகூறவும் இயலாது. மூலம் பல சொற்களால் எய்தும் இருண்மையைத் தமிழ் ஒரே வினையால் எய்தும் அரிய இடம் இது. 'இவன் அவன் அல்லன்' என்றோ 'எனக்கு அடையாளம் தெரியாது' என்றோ தெளிவுபடுத்துவது, அவனைக் காப்பாளன் ஆக்கும் அல்லது கோழை ஆக்கும். இரண்டும் மூலத்தில் இல்லாதவை.

8. முடிவுரை

மால்ஃபாயின் தடுமாற்றம் அறநெறி உரையாக எங்கும் வெளிப்படவில்லை. 'நாம்' என்பதனின்று விலகி நிற்றலாகவும், முற்றுப்பெறாத விடையாகவும், தாழ்ந்த கையாகவுமே வெளிப்படுகிறது. கதை முடிவில், பத்தொன்பது ஆண்டுகள் கழிந்தபின், தொடர்வண்டி நிலையத்தில் அவன் ஹாரிக்குச் சிறு தலையசைப்பு ஒன்றை மட்டுமே அளிக்கிறான். மன்னிப்பும் இல்லை, நன்றியும் இல்லை.

இத்தகைய பாத்திரத்தை மொழிபெயர்ப்பவர்க்கு நேரும் பெரிய இடர், சொல் கிடைக்காமை அன்று. இரக்கத்தால் ஒரு சொல்லை மென்மையாக்கியும் வெறுப்பால் ஒரு வினையை வன்மையாக்கியும், மூலம் விட்டுவைத்த இடைவெளியைத் தாமே நிரப்பிவிடுதலே அது. தன் வாயில் ஊறிய இழிவைக் கைவிடாத ஒருவனும், அவ்விழிவு இட்ட கட்டளையை நிறைவேற்ற இயலாமல் நிற்கக்கூடும் என்பதே இப்பாத்திரம் உணர்த்தும் உண்மை. அதனைச் சிதையாமல் கொணரத் தமிழின் மூவிடப்பெயர்களும் ஐயவினைகளும் போதிய வலிமை உடையன. அவற்றை இடமறிந்து ஆளுதலே மொழிபெயர்ப்பாளரின் கடமையாகும்.