தஞ்சாவூருக்கு ஒரு டீம் கட்டுப்படியாகுமா?

ஒவ்வொரு டிஎன்பிஎல் சீசனிலும் எங்க ஊர் வாட்ஸ்அப் குழுவில் இந்தப் புலம்பல் வரும்: "திண்டுக்கல்லுக்கு டீம் இருக்கு, திருச்சிக்கு இருக்கு, சோழன் ஊருக்கு மட்டும் இல்லையா?" நானும் புலம்பியவன்தான். ஆனால் இந்தக் கோரிக்கையில் ஒரு ஓட்டை இருக்கிறது.

2016இல் தொடங்கிய எட்டு அணிகளில் நாலு அணிகள் ஊர் மாறிவிட்டன. திருவள்ளூர் அணி காஞ்சிக்குப் போய், பிறகு நெல்லைக்குப் போனது. காஞ்சி அணி திருச்சி ஆனது, தூத்துக்குடி சேலம் ஆனது. காரைக்குடி காளை, திருப்பூர் தமிழன்ஸாகி 2025இல் கோப்பையே வாங்கிவிட்டது. ஆரம்ப சீசன்களில் ஆட்டங்கள் நடந்தது சென்னை, நத்தம், நெல்லை மைதானங்களில். காரைக்குடிக்காரர் தன் ஊர் அணியை டிவியில்தான் பார்த்தார். ஆக, ஊர் கொடுத்தது பெயரை மட்டும்தான்.

சின்ன ஊர் என்பது காரணமில்லை. அமெரிக்காவின் கிரீன் பேயில் சுமார் ஒரு லட்சம் பேர்தான். தஞ்சை நகரில் 2011லேயே இரண்டு லட்சத்துக்கு மேல். கிரீன் பே பேக்கர்ஸ் தாக்குப்பிடிப்பதற்குக் காரணம், தேசிய ஒளிபரப்புப் பணத்தை 32 அணிகளும் சமமாகப் பிரித்துக்கொள்வது. பங்குகளும் ரசிகர்களிடமே இருக்கின்றன, டிவிடெண்ட் கிடையாது. அதனால் அணியை யாரும் வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

நம் டெல்டாவின் சிக்கல் காலண்டர். டிஎன்பிஎல் பெரும்பாலும் ஜூன், ஜூலையில் நடக்கிறது. மேட்டூர் திறக்க வேண்டிய நாள் ஜூன் 12. உழவு, விதை, நடவு என்று கையில் இருப்பதெல்லாம் வயலுக்குப் போகும் நேரம். பல வீடுகளில் நகை சொசைட்டியில் இருக்கும். 2024இல் மேட்டூர் திறந்ததே ஜூலை 28. ஆற்றுத் தண்ணீரை மட்டும் நம்பியவர்களுக்கு அந்த வருஷக் குறுவை போச்சு. அந்த ஜூலையில் டிக்கெட்டும் ஜெர்சியும் யார் வாங்குவார்கள்?

பெரிய பணம் புழங்குவது சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பிறகுதான். பொங்கலை ஒட்டி ஊருக்கு ஊர் கபடி நடக்கிறதே, அதற்குப் பரிசு போடுவது உரக்கடை, அரிசி மில், சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன். இது முழுக்க உள்ளூர்க் காசு, வருஷா வருஷம் வருகிறது.

அதனால் குழுவில் இப்படி எழுதினேன்: டீம் கேட்க வேண்டாம். அன்னை சத்யா அரங்கத்தில் பிப்ரவரியில் ஒரு மாவட்ட லீக் கேட்போம். மூணு பேர் லைக் போட்டார்கள். மற்றவர்கள் இன்னும் டீமுக்குப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.