தாரை ஊதுதலும் பிள்ளைகளின் பாடலும்

ஏழைப் பிள்ளைகளின் நலனுக்காக இசை நிகழ்ச்சி நடத்திப் பணம் திரட்டுவது நம் திருச்சபைகளில் பரவலான வழக்கமாகிவிட்டது. விடுதிக்குக் கூரை வேண்டும், பிள்ளைகளுக்குப் புத்தகம் வேண்டும் என்றால் ஒரு பாட்டு மாலைக்கு ஏற்பாடு செய்கிறோம். நோக்கம் நல்லது, பயனும் உண்டு. எனினும் ஈகையையும் இசைக்கருவியையும் இணைத்து நம் ஆண்டவர் பேசிய இடம் ஒன்று உண்டு. தர்மம் செய்கிறவன் தனக்கு முன்பாகத் தாரை ஊதுவிக்கலாகாது என்பது மத்தேயு 6:2-இல் அவர் தந்த எச்சரிக்கை. இவ்வகை நிகழ்ச்சிகளை மதிப்பிட முற்படுகிற எவரும் அவ்வசனத்தை விட்டு விலகிச் செல்ல இயலாது.

புதுச்சேரியைச் சேர்ந்த மண்ணாடிப்பட்டு கொம்யூனில், ஒரு சிற்றூரில் நடந்த அத்தகைய மாலையொன்றில் நாமும் பங்குகொண்டோம். பெரிய அரங்கம் இல்லை. கீற்றுப் பந்தலின் கீழே நாற்பது பேருக்கு மேல் இரார். அவ்வூர்க் கலைஞர்களே பம்பையும் உடுக்கையும் முழக்கி, நடவுப் பாட்டும் கும்மியும் தாலாட்டும் பாடினர். பாடுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் இடையே இரண்டு முழ தூரமே இருந்தது. ஒலிபெருக்கியின் இரைச்சலில் மறைந்துபோகும் சொல்லின் நயமும் மூச்சின் ஏற்ற இறக்கமும் அங்கே தெளிவாகக் கேட்டன. கலை என்ற அளவில் அந்த மாலை குறைவற்றது என்றே கூறுவோம்.

குறை அடுத்த பகுதியில் வந்தது. விடுதிப் பிள்ளைகள் எண்மரை முன்னே நிறுத்தி, ஒவ்வொருவருடைய குடும்ப நிலையும் வாசிக்கப்பட்டது. தகப்பன் குடிகாரன், தாய் வீட்டை விட்டுப் போனவள் என்றெல்லாம் ஊரார் செவியில் விழும்படி அறிவிக்கப்பட்டது. ஒரு சிறுமி தலை நிமிரவே இல்லை. பின்னர் நன்கொடையாளரின் பெயர்களும் தொகைகளும் வாசிக்கப்பட்டன. ஒவ்வொரு பெயருக்கும் ஒருமுறை பம்பை முழங்கிற்று. மத்தேயு குறிப்பிடும் தாரை அதுவே. அப்பிள்ளைகளிற் சிலர், சற்றுமுன் பாட்டு நடந்தபோது உதடசைத்துத் தாமும் கூடவே பாடியதைக் கண்டிருந்தோம். தாயோடும் பாட்டியோடும் வயலில் நின்று கேட்ட பாட்டுகள் அவை. ஆயினும் பாட வருமாறு அவர்களை ஒருவரும் அழைக்கவில்லை. ஏற்பாட்டாளரை மட்டும் குறைகூறுவது நேர்மையாகாது. முன்வரிசையில் அமர்ந்திருந்து, முடிவில் ஆசீர்வாதம் கூறியவர் நாமே.

கூத்து நடக்கும் இரவுகளில் அன்பளிப்புத் தந்தவர் பெயரைக் கட்டியங்காரன் சொல்வது வழக்கந்தானே, அதில் தவறென்ன என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் கூத்தாடிக்குத் தருவது அவன் தொழிலுக்குத் தரும் மரியாதை. மொய் எழுதுவதும் ஒத்த நிலையினர் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் கைம்மாறு. இன்று எழுதியது நாளை திரும்பி வரும். திருப்பிச் செய்ய வகையற்றவரையே விருந்துக்கு அழைக்கும்படி லூக்கா 14:12-14 கூறுகிறது. திருப்பித்தர இயலாத பிள்ளையின் முன் பெயரும் தொகையும் முழங்கும்போது, தன் மானத்தையே அப்பிள்ளை கைம்மாறாகக் கொடுக்க நேர்கிறது.

இக்குறை சிற்றூர்களுக்கு மட்டும் உரியதன்று. உலகமே அறிந்த ஒரு நிகழ்ச்சியிலும் இதன் சாயலைக் காண்கிறோம். 1970 நவம்பரில் கிழக்கு வங்கத்தைப் பெரும்புயல் அழித்தது. மறு ஆண்டு அடக்குமுறையும் போரும் மூள, ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் இந்தியாவுக்குள் அகதிகளாய் வந்தனர். ரவிசங்கர் தம் நண்பர் ஜார்ஜ் ஹாரிசனிடம் இத்துயரை எடுத்துரைத்ததன் பயனாக, 1971 ஆகஸ்டு 1 அன்று நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் இரு காட்சிகள் நடந்தன. சுமார் 40,000 பேர் கூடினர். தொடக்கமாக வாசிக்கப்பட்டது ‘பங்ளா துன்’. துன் என்பது பெரும்பாலும் நாட்டுப்புற மெட்டுகளைத் தழுவி எழும் மெல்லிசை வடிவம். ரவிசங்கருடன் சரோத் வாசித்த அலி அக்பர் கான் கிழக்கு வங்க மண்ணிலேயே பிறந்தவர். ஆகவே துயருற்ற மக்களின் இசையே முதலில் ஒலித்தது. இது அந்நிகழ்ச்சியின் தலையாய சிறப்பு.

ஆனால் கருவிகளுக்குச் சுருதி சேர்த்ததையே வாசிப்பு என்றெண்ணி அவையினர் கைதட்டினர் என்பது பலரும் அறிந்த செய்தி. இரக்கம் இருந்தது; அறிமுகம் இல்லை. அந்நிகழ்ச்சியின் இசைத்தட்டு உறையில் எலும்புந்தோலுமான ஒரு பிள்ளை உணவுத் தட்டின் அருகே அமர்ந்திருக்கும் படம் அச்சிடப்பட்டது. அப்பிள்ளைக்குப் பெயரில்லை, குரலில்லை. பசி மட்டுமே உண்டு. நுழைவுச்சீட்டு வழியாகத் திரண்ட 2,43,418 டாலர் யுனிசெஃப் நிறுவனத்துக்குச் சேர்ந்தது. ஆனால் வரிவிலக்குக்கு முன்கூட்டியே வழி செய்யாததால் இசைத்தட்டும் திரைப்படமும் ஈட்டிய பெருந்தொகை ஆண்டுக்கணக்கில் முடங்கிற்று. நல்ல மனம் ஒழுங்கான கணக்குக்கு ஈடாகாது என்பதற்கும் அந்நிகழ்ச்சி சான்று.

இங்கே ஓர் எதிர்வாதம் எழலாம். நம் ஆண்டவரும் ஒரு பிள்ளையை நடுவே நிறுத்தவில்லையா? ஆம், மாற்கு 9:36-இல் நிறுத்தினார். ஆனால் அங்கே குனிய வேண்டியிருந்தது பிள்ளையின் தலையன்று. யார் பெரியவர் என்று வாதாடிய சீடர்களின் தலையே. மேலும் அப்பிள்ளையை அவர் அணைத்துக்கொண்டார். மத்தேயு 21-ஆம் அதிகாரமோ இன்னும் தெளிவானது. ஆலயத்தில் காசுக்காரரின் பலகைகள் கவிழ்கின்றன. குருடரும் சப்பாணிகளும் உள்ளே வந்து குணமடைகின்றனர். அதன்பின் ஆலயத்தில் கேட்பது பிள்ளைகளின் ஆர்ப்பரிப்பு. பெரியோர் எரிச்சலுறுகின்றனர், இயேசு பிள்ளைகளின் பக்கம் நிற்கிறார். பணம் எண்ணும் ஓசை அடங்கிய இடத்தில் பிள்ளைகளின் குரல் எழுகிறது என்ற இவ்வரிசையை நம் பிரசங்கிகள் போதிய அளவு கவனிப்பதில்லை.

இதற்கு இணங்கிய வழி நம்மிடையே இல்லாமலில்லை. மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியற் கல்லூரியில் பணியாற்றிய தியாபிலஸ் அப்பாவு (1940-2005), ‘பரட்டை’ என்ற பெயரால் அறியப்பட்டவர், நாட்டுப்புற இசையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். செலவின்றி எவரும் பாடலாம், தம் வாழ்வுக்கேற்பப் பாட்டை மாற்றியும் கொள்ளலாம் என்பதே அவ்விசையில் அவர் கண்ட சிறப்பு. ஒரே உலையில் சமைத்து அனைவரும் ஒன்றாய் உண்பதை அவர் தம் இறையியலின் மையமாக வைத்தார். திண்டுக்கல்லில் கத்தோலிக்க அருட்சகோதரி சந்திரா உருவாக்கிய சக்தி கலைக்குழுவில், படிப்பை இடையில் நிறுத்த நேர்ந்த தலித் இளம்பெண்கள் பறை கற்றனர். சாவு வீட்டில் அடிக்கும்படி சாதி விதித்த கருவியை, ஆடவர் கைக்கே உரியதாய் இருந்த கருவியை, அவர்கள் தலைநிமிர்ந்து முழக்கினர். இவ்விரு முயற்சிகளையும் அமெரிக்க இசையறிஞர் சோயி ஷெரினியன் ஆராய்ந்து, முன்னதை 2014-இல் நூலாகவும் பின்னதை 2018-இல் படமாகவும் வெளியிட்டார். இங்கே உதவி வேண்டியவரே இசைப்பவர். கேட்போரின் உள்ளத்தில் முதலில் எழுவது இரக்கமன்று, மதிப்பு.

எனவே இத்தகைய நிகழ்ச்சிகளைக் கைவிடும்படி நாம் கூறவில்லை. சிறு கூட்டம், அண்மையான இசை, ஊர்க் கலைஞர் ஆகியவை காக்கப்பட வேண்டியவையே. ஆனால் பிள்ளையின் குடும்பத் துயரம் மேடையில் வாசிக்கப்படலாகாது. நன்கொடையாளர் பெயர் கணக்கேட்டில் இருக்கட்டும். வரவும் செலவும் சபையாருக்கு ஒளிவின்றிக் காட்டப்படட்டும். பாடத் தெரிந்த பிள்ளை பாடட்டும். விருப்பமில்லாத பிள்ளை அவையில் மற்றவரைப்போல் அமர்ந்து கேட்கட்டும். முடிவில் கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே பந்தியில் உண்ணட்டும்.

தொகை குறையுமே என்று பொருளாளர் அஞ்சக்கூடும், குறையவும் கூடும். ஆயினும் தலைகுனிந்து நின்ற அச்சிறுமியின் முகத்தை நினைக்கும்போது, அன்றைய வசூலை நிறைவு என்று எழுத நமக்குக் கை வரவில்லை. அடுத்த முறை அப்பந்தலுக்கு அழைக்கப்பட்டால், ஆசீர்வாதம் கூறுமுன் அவளைப் பார்த்து, உனக்குத் தெரிந்த பாட்டு எது அம்மா என்று கேட்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.