எந்த ஆற்று மஹசீர்?

அயல் மீன் என்றதும் தமிழ்நாட்டில் எல்லோரும் சுட்டிக்காட்டுவது நீலகிரி ட்ரவுட்டைத்தான். 1907இல் எச்.சி. வில்சன் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்ததும், துரைமார் தூண்டில் போட்டுப் பொழுதுபோக்க அந்த மீன் மலை ஓடைகளில் விடப்பட்டதும் தெரிந்த கதை. அதைக் கண்டிக்க யாருக்கும் தயக்கமில்லை. காவிரியில் மஹசீர் குஞ்சு விட்டதைக் கேட்டால் மட்டும் "அது நம் நாட்டு மீன்தானே" என்கிறார்கள். தூண்டில் ஆர்வலர்கள் சொன்னால் வியப்பில்லை. இயற்கைப் பாதுகாப்பு பேசுகிறவர்களும் இதையே சொல்கிறார்கள். ட்ரவுட்டை விட இந்தச் சமாதானம்தான் நமக்கு அதிகக் கேடு செய்திருக்கிறது என்பது என் நெடுநாள் கருத்து.

காவிரிக் கரையில் நடந்த தூண்டில் முகாம்களால் நன்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். கலிபோர், பீமேஸ்வரி, தொட்டமாக்கலி முகாம்கள் நடந்த காலத்தில் அந்தப் பகுதியில் வெடி போட்டு மீன் பிடிப்பது அடங்கியிருந்தது. முன்பு திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்களில் சிலர் அங்கே வழிகாட்டிகளாக வேலைக்குச் சேர்ந்தார்கள். கேழ்வரகு உருண்டைக்குச் சிக்கிய மீனை எடை பார்த்து, குறித்துக்கொண்டு, ஆற்றிலேயே விட்டார்கள். அணைகளும் மணல் கொள்ளையும் செய்த அழிவு தனி. இவ்வளவும் சரி.

காவிரிக்கே உரிய மஹசீர், முதுகில் திமில் எழும்பிய பேருருவ மீன். 1946இல் கபினியில் வான் இங்கன் பிடித்தது 120 பவுண்டு எடை. ஆனால் ஆற்றில் விட்ட குஞ்சுகள் அதன் குஞ்சுகள் அல்ல. டாடா மின் நிறுவனம் லோனாவாலாவில் 1970கள் முதல் நடத்திய பொரிப்பகத்திலிருந்து நீலத்துடுப்பு மஹசீர் பல மாநில நீர்நிலைகளுக்குப் போனது, காவிரிக்கும் வந்தது. 1839இல் சைக்ஸ் புனே வட்டாரத்தில் கண்டு விவரித்த மீன் அது. கிருஷ்ணைப் படுகையைச் சேர்ந்தது.

இரண்டும் இந்தியாவில்தானே இருக்கின்றன என்று கேட்பவர் ஜவ்வாது மலையின் நீரோட்டத்தைப் பார்க்க வேண்டும். கிழக்கே இறங்கும் தண்ணீர் செய்யாறாகிப் பாலாற்றில் கலக்கிறது. தென்மேற்குச் சரிவின் தண்ணீர் தென்பெண்ணைக்குப் போகிறது. ஒரே மழை, ஒரே மலை. ஆனால் நன்னீரை விட்டு வெளியேற முடியாத மீனுக்கு அந்த முகடு கடக்க முடியாத எல்லை. கிருஷ்ணைக்கும் காவிரிக்கும் நடுவில் இதைப் போல எத்தனை முகடுகள்! பல்லாயிரம் ஆண்டுகள் பிரிந்து வாழ்ந்த மீன்களை ஒரு லாரிப் பயணத்தில் ஒன்றாக்கிவிட்டு, தேசத்தின் பெயரைச் சொல்லி நியாயப்படுத்துவது எப்படி?

விளைவைக் காட்டியது அந்த முகாம்களின் குறிப்பேடுதான். கலிபோரில் 1998 முதல் 2012 வரை பிடித்துவிட்ட 6,000க்கும் மேற்பட்ட மஹசீர்களின் கணக்கைப் பிண்டர், ராஜீவ் ராகவன், பிரிட்டன் ஆகிய ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார்கள். மீன் எண்ணிக்கை ஏறியிருந்தது. சராசரி எடை இறங்கியிருந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் ஆறு செழித்திருக்கிறது. வகை பிரித்துப் பார்த்தபோதுதான் பெருகியது நீலத்துடுப்பு என்று தெரிந்தது. திமில் மீன் அருகிக்கொண்டே வந்தது. கிடைத்தவையும் பெரும்பாலும் முதிர்ந்த மீன்கள், இளமீன்கள் அரிது. அதாவது கிழங்கள் சாகச் சாக அந்த இடத்துக்கு வர அதன் இனத்தில் ஆளில்லை. முட்டையிடும் இடத்துக்கும் இரைக்கும் போட்டி, இனக்கலப்பு அச்சம் என்று காரணங்களை விவாதிக்கலாம். ஆனால் இத்தனை ஆண்டுகளும் 'மஹசீர் பெருகுகிறது' என்று மகிழ்ந்தவர்கள் ஓர் இனம் மறைவதையும் அதே கூட்டல் கணக்கில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். இதை நான் சிறு பிழையாகக் கருதவில்லை.

இன்னும் கசப்பானது ஒன்று உண்டு. குஞ்சுகள் லட்சக்கணக்கில் பயணம் செய்த அந்தக் காலம் முழுவதும், உலகப் புகழ்பெற்ற திமில் மஹசீருக்கு உறுதியான அறிவியல் பெயரே கிடையாது. காவிரியின் கிளையான பாம்பாற்றின் மீனுக்கு 2007இல் சூட்டிய 'தோர் ரெமாதேவியி' என்ற பெயர்தான் இதற்கும் உரியது என்பது, மோயாற்றில் கிடைத்த மீன்களை ஆராய்ந்த பிறகு 2018இல் தெளிவானது. அதே ஆண்டு ஐயுசிஎன் சிவப்புப் பட்டியலில் மிக அருகிவிட்ட இனமாக அது ஏறியது. எதைக் காப்பாற்றுகிறோம் என்று அறியாமலே காப்பாற்றும் வேலை நடந்தது. குஞ்சு விடுவது புகைப்படத்துக்கு வாய்ப்பான காரியம்; மணல் அள்ளுவதைத் தடுப்பதும் கோடையில் அணையிலிருந்து ஆற்றுக்குத் தண்ணீர் கேட்பதும் யாரையாவது பகைத்துக்கொள்ளும் காரியம். எளியதைத் தேர்ந்தார்கள், அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்தார்கள்.

மோயாறு இன்று அந்த மீனின் கடைசிப் புகலிடங்களில் ஒன்று. அதில் வேற்றுப் படுகைக் குஞ்சு ஒன்றுகூட விழக்கூடாது. காவிரியின் எந்தக் கிளையிலும் இனி மஹசீர் விட வேண்டும் என்று மனுக் கொடுப்பவர், குஞ்சின் தாய்மீன் எந்த ஆற்றில் பிடிபட்டது, அதன் மரபணுவைச் சோதித்தது யார் என்ற இரண்டையும் எழுதிக் கையெழுத்திட்டுத் தரட்டும். அது இல்லாத மனுவை மீன்வளத்துறையும் வனத்துறையும் திருப்பி அனுப்ப வேண்டும்.